பி.பி. மருந்தும் ஆய்வக விலங்குகளின் இதயத் துடிப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரத்த அழுத்த மருந்துகளை எலியிலும் மற்ற விலங்குகளிலும் சோதிக்கும் எம்.பார்ம்., எம்.டி. பார்மகாலஜி மாணவர்களிடமிருந்தும் ஆய்வகப் பணியாளர்களிடமிருந்தும் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள் இவை. கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறோம். பதில்கள் பெரும்பாலும் எலியைப் பற்றியவை. சுண்டெலி, முயல், நாய் வேறுபடும் இடங்களில் அதைத் தனியே சொல்லியிருக்கிறோம்.

பி.பி. குறையற மருந்து கொடுத்தா துடிப்பும் குறையணும் தானே? என் எலிக்கு ஏறுதே?

குறைய வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பல மருந்துகளுக்கு ஏறுவதுதான் இயல்பு. கழுத்தில் கரோட்டிட் சைனஸிலும் மார்பில் பெருந்தமனி வளைவிலும் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. இரத்த நாளம் தளர்ந்து அழுத்தம் இறங்கினால் இந்த முனைகளிலிருந்து மூளைத்தண்டுக்குப் போகும் சமிக்ஞை குறைகிறது. உடனே துடிப்பை மெதுவாக்கும் வேகஸ் நரம்பின் பிடி தளர்கிறது, அதை வேகப்படுத்தும் சிம்பதெடிக் நரம்பின் உந்துதல் கூடுகிறது, இதயம் வேகமாகத் துடிக்கிறது. இதுதான் பாரோரிஃப்ளெக்ஸ். வேகஸ் பகுதி ஓரிரு துடிப்புக்குள் வேலை செய்துவிடும். சிம்பதெடிக் பகுதிக்குச் சில வினாடிகள் பிடிக்கும்.

ஆகவே நீங்கள் பார்க்கும் துடிப்பு எண் ஒரு கூட்டுத்தொகை. மருந்து இதயத்தில் நேரடியாகச் செய்தது ஒரு பங்கு, அழுத்தம் இறங்கியதற்கு நரம்பு மண்டலம் கொடுத்த பதில் இன்னொரு பங்கு, நீங்கள் அளந்த விதம் அந்த விலங்குக்குக் கொடுத்த பதற்றம் மூன்றாவது பங்கு. கீழே வரும் பதில்கள் எல்லாமே இந்த மூன்றையும் பிரித்துப் பார்ப்பதைப் பற்றியவைதான்.

நார்மல் துடிப்புன்னு எந்த எண்ணை எடுத்துக்கறது? ஒவ்வொரு புத்தகத்துல ஒண்ணு போட்டிருக்கு.

புத்தகங்கள் முரண்படுவதில்லை. அளந்த சூழ்நிலைகள் வேறு வேறு. உடலுக்குள் டெலிமெட்ரி (அளவைக் கம்பியின்றி அனுப்பும்) கருவி வைத்து, கூண்டில் தன் போக்கில் இருக்கும் எலிக்குப் பகலில் நிமிடத்துக்கு 300 முதல் 350 இருக்கும். எலி இரவில் இயங்கும் விலங்கு என்பதால் விளக்கணைந்த பிறகு 350 முதல் 400க்கு ஏறும். அதே எலியை டெயில் கஃப் (வாலில் பட்டை மாட்டி அளக்கும் முறை) குழாயில் அடைத்து அளந்தால் 400ஐத் தாண்டுவது சாதாரணம். சுண்டெலிக்கு 500 முதல் 650, கினிப் பன்றிக்கு 220 முதல் 300, முயலுக்கு 180 முதல் 250, ஓய்விலிருக்கும் பீகிள் நாய்க்கு 60 முதல் 100 என்று வைத்துக்கொள்ளலாம்.

புத்தக எண்ணோடு ஒப்பிடுவதை விட்டுவிட்டு, அதே அறையில், அதே நேரத்தில், அதே கருவியில் எடுத்த உங்கள் கட்டுப்பாட்டுக் குழுவோடு ஒப்பிடுங்கள். காலை 10 மணிக்கு அடிப்படை அளவையும் மாலை 7 மணிக்கு மருந்தின் அளவையும் எடுத்தால், அந்த வேறுபாட்டில் எவ்வளவு மருந்தால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

எந்த மருந்துக்குத் துடிப்பு ஏறும், எதுக்கு எறங்கும்? ஒரே இடத்துல சொல்லுங்க.

ஏற்றுபவை: ஹைட்ரலசின், மினாக்சிடில், சோடியம் நைட்ரோபுருசைடு, வேகமாக வேலை செய்யும் நிஃபெடிபின். இவை தமனியைத் தளர்த்துகின்றன, மீதியை ரிஃப்ளெக்ஸ் பார்த்துக்கொள்கிறது. விழித்திருக்கும் எலியில் ஹைட்ரலசினை வாய்வழி கிலோவுக்கு 5 முதல் 10 மி.கி. கொடுத்தால் துடிப்பு 50 முதல் 100 வரை ஏறக்கூடும். ஆல்ஃபா தடுப்பான்களிலும் ஒரு வேறுபாடு உண்டு. ஃபென்டோலமின் கொடுத்தால் அதிகம் ஏறும், பிரசோசின் கொடுத்தால் அவ்வளவு ஏறாது. ஃபென்டோலமின் நரம்பு முனையில் உள்ள ஆல்ஃபா-2 ஏற்பிகளையும் அடைத்துவிடுவதால், அந்த முனை, துடிப்பைத் தூண்டும் நாரட்ரினலினைக் கட்டுப்பாடின்றி வெளிவிடுகிறது. பிரசோசின் ஆல்ஃபா-1ஐ மட்டும் அடைக்கிறது.

இறக்குபவை: புரோபிரனோலால், அட்டெனலால் போன்ற பீட்டா தடுப்பான்கள், வெரபமில், டில்டியாசெம், மூளையில் வேலை செய்யும் க்ளோனிடின், மீதைல்டோபா, ரெசர்பின். ரெசர்பின் நம் சர்ப்பகந்தி வேரிலிருந்து வந்தது. மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949இல் அந்த வேரின் பலனைப் பிரிட்டிஷ் இதழொன்றில் எழுதிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 1952இல் ரெசர்பின் தனியே பிரிக்கப்பட்டது. அது நரம்பு முனையின் சேமிப்பையே காலி செய்வதால் முழு விளைவு வர ஒரு நாள் ஆகும், போக வாரக்கணக்கில் ஆகும். இன்று ரெசர்பின் கொடுத்த எலியை அடுத்த வாரம் வேறு சோதனைக்கு எடுக்காதீர்கள்.

அதிகம் மாற்றாதவை: கேப்டோபிரில், எனாலபிரில், லோசார்டன், தயசைடுகள். அம்லோடிபின் மெதுவாக ஏறி மெதுவாக இறங்குவதால் அதன் ரிஃப்ளெக்ஸும் மெல்லியதாகவே இருக்கும்.

நிஃபெடிபின், வெரபமில் ரெண்டும் கால்சியம் தடுப்பான் தானே? ஒண்ணு ஏத்துது, ஒண்ணு எறக்குது, ஏன்?

இதயத்துக்குத் தாளம் கொடுக்கும் சைனஸ் கணுவின் துடிப்பு கிளம்புவதே எல்-வகை கால்சியம் வழிகளால்தான். வெரபமில் அடிக்கடி திறக்கும் வழிகளை நாடிப் பிடிக்கும். இடைவிடாமல் திறந்து மூடும் கணு அதற்கு எளிதில் சிக்கிவிடுகிறது. நிஃபெடிபினுக்கோ மின்னழுத்தம் குறைந்த நிலையில் நெடுநேரம் இருக்கும் செல்கள்தான் வசதி. இரத்த நாளத் தசை அப்படிப்பட்டது. எனவே சிகிச்சை அளவில் நிஃபெடிபின் நாளத்தையே பெரிதும் தாக்குகிறது, ரிஃப்ளெக்ஸ் துடிப்பை ஏற்றுகிறது. வெரபமிலிலும் ரிஃப்ளெக்ஸ் கிளம்பத்தான் செய்யும். ஆனால் ஏற வேண்டிய கணுவையே மருந்து பிடித்து வைத்திருக்கிறது.

இதற்கு நல்ல சான்று, எலி இதயத்தின் வலது ஏட்ரியத்தை (மேலறையை) தனியே எடுத்து 37 டிகிரி கிரெப்ஸ் உப்புக் கரைசலில் தொங்கவிட்டுப் பார்ப்பது. அங்கே ரிஃப்ளெக்ஸ் இல்லை. நிஃபெடிபின் போட்டாலும் துடிப்பு இறங்கும். முழு எலியில் ஏற்றிய அதே மருந்து, தனி ஏட்ரியத்தில் இறக்குகிறது. இந்த இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்த மாணவர் பாரோரிஃப்ளெக்ஸை மறக்க மாட்டார்.

ஒரு கைவேலைக் குறிப்பு. நிஃபெடிபினும் சோடியம் நைட்ரோபுருசைடும் வெளிச்சத்தில் சிதையும். சிரிஞ்சையும் குழாயையும் அலுமினியத் தாளில் சுற்றுங்கள். மதியம் கொடுத்த டோஸ் காலை டோஸைவிடப் பலவீனமாகத் தெரிந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

லோசார்டன் குடுத்து எஸ்.எச்.ஆர். எலிக்கு பி.பி. 40 குறைஞ்சுது, துடிப்பு அசையவே இல்ல. அளவு எடுத்தது தப்பா?

தப்பில்லை, எதிர்பார்க்க வேண்டியதே அதுதான். ஆஞ்சியோடென்சின்-II நாளத்தைச் சுருக்குவதோடு நிற்பதில்லை. மூளைத்தண்டில் வேகஸை அமுக்குகிறது, சிம்பதெடிக் முனையில் நாரட்ரினலின் வெளிவருவதற்கு உதவுகிறது. லோசார்டனோ கேப்டோபிரிலோ அந்த ஆஞ்சியோடென்சினை விலக்கும்போது, ரிஃப்ளெக்ஸ் தன் வேலைப் புள்ளியைக் கீழே நகர்த்திக்கொள்கிறது. குறைந்த அழுத்தத்தையே அது சரியான அழுத்தமாக ஏற்றுக்கொள்கிறது என்று சொல்லலாம். அதனால் துடிப்பு ஏற வேண்டிய அவசியம் வருவதில்லை.

எஸ்.எச்.ஆர். என்பது கியோட்டோவில் ஒகமோட்டோவும் அவோகியும் 1963இல் அறிவித்த, பிறவியிலேயே அழுத்தம் உயரும் எலி இனம். வளர்ந்த ஆணுக்குச் சிஸ்டாலிக் (இதயம் சுருங்கும்போதுள்ள அழுத்தம்) 180 முதல் 200 வரை போகும். இதில் லோசார்டன் கிலோவுக்கு 10 மி.கி. வாய்வழியாகப் போதும். கேப்டோபிரில் கரைசலில் ஆக்ஸிஜனேற்றம் அடைந்து கெடுவதால் அன்றன்று கரைக்க வேண்டும்.

பீட்டா தடுப்பான் குடுத்தா துடிப்பு நல்லா எறங்குது, ஆனா எலிக்கு பி.பி. எறங்கவே மாட்டேங்குதே?

எலியில் இது பழக்கப்பட்ட காட்சி. ஒரே டோஸில் துடிப்பு இறங்கும், இதயம் வெளியேற்றும் இரத்தம் குறையும். ஆனால் நாளங்கள் சுருங்கி அந்தக் குறைவை ஈடுகட்டிவிடும். புரோபிரனோலால் நாளத்தில் தளர்த்தும் வேலை செய்யும் பீட்டா-2ஐயும் அடைப்பதால் இந்த ஈடுகட்டல் இன்னும் எளிதாகிறது. எனவே உங்கள் புதிய மருந்துக்கு ஒப்பீட்டு மருந்தாக அட்டெனலாலின் ஒற்றை டோஸைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அது எலியின் அழுத்தத்தைக் குறைக்கவில்லை என்று கவலைப்படாதீர்கள். அழுத்தத்துக்கு லோசார்டன் அல்லது எனாலபிரிலையும், துடிப்புக்கு அட்டெனலாலையும் ஒப்பீடாக வையுங்கள்.

டெயில் கஃப்ல வர்ற துடிப்பு எண்ணை தீசிஸ்ல போடலாமா?

போடலாம், அது அடைபட்ட எலியின் துடிப்பு என்பதையும் சேர்த்து எழுதினால். அடைபட்ட எலியில் சிம்பதெடிக் ஏற்கெனவே உச்சத்தில் இருக்கிறது, வேகஸ் ஏற்கெனவே விலகிவிட்டது. 440இல் இருக்கும் துடிப்புக்கு மேலே ஏற இடமில்லை. அதனால் ஹைட்ரலசினின் ஏற்றம் சிறியதாகத் தெரியும். அட்டெனலாலின் இறக்கமோ பெரிதாகத் தெரியும், ஏனென்றால் அது பதற்றத்தையும் சேர்த்து இறக்குகிறது. அதே அட்டெனலாலைப் பகலில் தூங்கும் டெலிமெட்ரி எலிக்குக் கொடுத்தால் இறக்கம் பாதிகூட இருக்காது. இரண்டு ஆய்வுகள் முரண்படுவதாகத் தோன்றும் பல இடங்களில் காரணம் இதுதான்.

குறைந்தபட்சம் இப்படிச் செய்யுங்கள். சோதனைக்கு முன் 5 முதல் 7 நாள், தினமும் அதே நேரத்தில், எலியைக் குழாயில் 15 நிமிடம் பழக்குங்கள். குழாயின் அளவு எலிக்குப் பொருந்த வேண்டும்: திரும்ப முடியக் கூடாது, மூச்சுக்கு இறுக்கவும் கூடாது. வாலின் தோல் 32 முதல் 35 டிகிரி வந்த பிறகே அளக்கத் தொடங்குங்கள். குளிர்ந்த வாலில் நாடி கிடைக்காது. எலியை முழுவதும் 40 டிகிரியில் சூடாக்கினால் வெப்பமே துடிப்பை ஏற்றும். முதல் சில அளவுகளை ஒதுக்கிவிட்டு, அடுத்த 5 நல்ல அளவுகளின் சராசரியை எடுங்கள். எதை நல்ல அளவு என்று ஏற்பது, எதை ஒதுக்குவது என்ற விதியை மருந்து கொடுப்பதற்கு முன்பே எழுதி வைத்துவிடுங்கள்.

கருவி எண்ணைத் திரையில் காட்டினாலும் அலையைப் பாருங்கள். வாலை அசைத்தாலும் அலை வரும். ஒரு நாடியின் இரண்டாம் மேட்டைத் தனி நாடியாக எண்ணி 800 என்று காட்டிய கருவிகள் உண்டு. எலிக்கு 800 வராது.

மருந்தே இல்லாம வெறும் சி.எம்.சி. குடுத்த எலிக்கும் துடிப்பு ஏறுது. கரைசல்ல ஏதாவது இருக்கா?

மருந்தைக் கலந்து கொடுக்கும் சி.எம்.சி. (கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ்) கரைசலில் ஒன்றும் இல்லை, கையில்தான் இருக்கிறது. எலியைக் கூண்டிலிருந்து எடுத்து, பிடரியைப் பிடித்து, தொண்டைக்குள் குழாய் விட்டால் துடிப்பு ஏறும். அடங்க ஒரு மணி நேரம்வரை ஆகும். கூண்டு மாற்றினாலும், பக்கத்துக் கூண்டு எலியைக் கையாண்டாலும்கூட ஏறும். ஹைட்ரலசின் போன்ற வேகமான மருந்தின் ஏற்றமும் இதே ஒரு மணி நேரத்தில் விழுவதால், வெறும் 0.5 சதவீத சி.எம்.சி. பெற்ற குழு இல்லாமல் அந்தத் தரவுக்கு மதிப்பே இல்லை.

கொடுக்கும் அளவு கிலோவுக்கு 5 முதல் 10 மி.லி.க்குள் இருக்கட்டும். வெறும் குழாயை விட்டு எடுப்பதை மூன்று நான்கு நாள் பழக்கினால் இந்த ஏற்றம் வெகுவாகக் குறையும். அன்று கூண்டு சுத்தம் செய்யும் நாளாக இருக்கக் கூடாது என்பதைப் பராமரிப்பாளரிடம் முந்தைய வாரமே சொல்லிவிடுங்கள்.

மயக்கத்துல வச்சு கரோட்டிட்ல நேரடியா அளந்தா இந்தத் தொல்லை எல்லாம் இல்லையே?

பதற்றம் போகும், ஆனால் ரிஃப்ளெக்ஸும் கூடவே மங்கும். கெட்டமின்-சைலசின் கலவை துடிப்பாய்வுக்கு மிக மோசமான தேர்வு. சைலசின் க்ளோனிடினைப் போலவே ஆல்ஃபா-2ஐத் தூண்டுவது, அதாவது அதுவே ஒரு அழுத்தம் குறைக்கும் மருந்து. மருந்து போடும் முன்பே துடிப்பு 200 முதல் 250க்கு இறங்கியிருக்கும். ஐசோஃப்ளூரேன் ஆழம் கூடக் கூட ரிஃப்ளெக்ஸை அமுக்கும். யூரேத்தேன், கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வயிற்றறை வழியாக, ரிஃப்ளெக்ஸை ஓரளவு காப்பாற்றுகிறது. ஆனால் அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள். கையுறை கட்டாயம், எலி மீண்டும் விழிக்காத சோதனைக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும். நாய்க்குப் பென்டோபார்பிட்டோன் கொடுத்தால் வேகஸ் தளர்ந்து துடிப்பு ஏறும் என்பதையும் கவனத்தில் வையுங்கள்.

மயக்க நிலையில் கெடுபவை வேறு. மலக்குடல் வெப்பம் 37 டிகிரியிலிருந்து இரண்டு டிகிரி இறங்கினாலே துடிப்பு சரியும், அதை மருந்தின் விளைவாக எழுதிவிடுவார்கள். 250 கிராம் எலியில் இருக்கும் மொத்த இரத்தமே 16 மி.லி. அளவுதான். அறுவையிலும் மாதிரி எடுப்பதிலும் 1.6 மி.லி. போனால் அது பத்தில் ஒரு பங்கு. அழுத்தம் இறங்கித் துடிப்பு ஏறுவதற்கு மருந்தே தேவையில்லை. டிரான்ஸ்டியூசர் இதய மட்டத்தைவிட 1.36 செ.மீ. கீழே இருந்தால் அழுத்தம் 1 மி.மீ. பாதரசம் கூடுதலாகக் காட்டும். குழாயில் ஒரு காற்றுக் குமிழி இருந்தால் சிஸ்டாலிக் மழுங்கும், துடிப்பு எண் மட்டும் சரியாக இருக்கும். துடிப்பு சரியாக வருகிறது என்பதால் அழுத்தமும் சரி என்று முடிவு கட்டாதீர்கள்.

எலியில சின்னதா ஏறுற துடிப்பு, அதே மருந்துக்கு நாய்ல பயங்கரமா ஏறுதே? நாய்க்கு மருந்து ஒத்துக்கலையா?

ஓய்விலிருக்கும் நாயின் இதயத்தை வேகஸ் வலுவாகப் பிடித்து வைத்திருக்கிறது. அந்தப் பிடியை விட்டால் மட்டுமே துடிப்பு பெருமளவு ஏறிவிடும், சிம்பதெடிக் அதற்கு மேல். 80இலிருந்து 160 ஆவது நாய்க்கு இரட்டிப்பு. எலியில் அதே 80 கூடினால், அதாவது 320இலிருந்து 400 ஆனால், கால் பங்குதான். எனவே இனங்களை ஒப்பிடும்போது நிமிடத்துக்கு எத்தனை கூடியது என்பதோடு சதவீதத்தையும் எழுத வேண்டும்.

நாயில் இதற்கு ஒரு விலையும் உண்டு. மினாக்சிடில், ஹைட்ரலசின் போன்றவற்றை அதிக அளவில் கொடுத்த நாய்களில் இடது வென்ட்ரிக்கிளின் (கீழறையின்) பாப்பிலரித் தசை செத்துப்போகிறது. மினாக்சிடிலில் வலது ஏட்ரியத்தில் இரத்தக் கசிவும் காணப்படும். துடிப்பு ஏற ஏற இதயத்துக்கு ஆக்ஸிஜன் தேவை கூடுகிறது. அதேநேரம் டயாஸ்டோல் (இதயம் தளர்ந்திருக்கும் நேரம்) சுருங்குவதாலும் அழுத்தம் தாழ்வதாலும் உள்தசைக்கு இரத்தம் குறைகிறது. மருந்து நேராகத் தசையை விஷமாக்குவதல்ல இது. பெரிதும் அந்தத் துடிப்பும் தாழ்ந்த அழுத்தமும் சேர்ந்து செய்வது.

சுண்டெலியில துடிப்பு 600 இருக்கு. ஏ.சி. அறைன்னால ஏதாவது ஆகுமா?

ஆகும், நினைப்பதைவிட அதிகமாக. சுண்டெலிக்கு இதமான வெப்பம் 30 டிகிரி பக்கம். நாம் இதமாக உணரும் 22 டிகிரியில் அது குளிரோடு போராடிக்கொண்டே சிம்பதெடிக் உந்துதலில் வாழ்கிறது. அறையை 30க்குக் கொண்டுபோனால் துடிப்பு நிமிடத்துக்கு 100 முதல் 200 வரை இறங்கிவிடும். ஆகவே 22 டிகிரியில் பீட்டா தடுப்பான் இறக்கும் துடிப்பில் ஒரு பகுதி, குளிர் ஏற்றிய துடிப்புதான். கூடு கட்டப் பஞ்சு கொடுங்கள், தனித்து வைக்க வேண்டியிருந்தால் அதைப் பதிவு செய்யுங்கள், அறை வெப்பத்தை முடிவுகளோடு சேர்த்து எழுதுங்கள்.

துடிப்பு மாறினது ரிஃப்ளெக்ஸாலயா, மருந்து இதயத்துல நேரடியா செஞ்சதாலயா? எப்படிப் பிரிக்கறது?

எளியதிலிருந்து கடினத்துக்குப் போகலாம். முதலில் நேர வரிசையைப் பாருங்கள். சிரைவழி மருந்து கொடுத்துத் தொடர்ந்து பதிவு செய்யும்போது அழுத்தம் முதலில் இறங்கி, துடிப்பு ஒன்றிரண்டு வினாடி பின்னே தொடர்ந்தால் ரிஃப்ளெக்ஸ் என்று சந்தேகிக்கலாம். அடுத்து வேகஸ், சிம்பதெடிக் என்ற நரம்பின் இரண்டு கைகளையும் அடைத்துவிடுங்கள்: மெத்தில் அட்ரோபின் கிலோவுக்கு 3 மி.கி., புரோபிரனோலால் 4 மி.கி., சிரைவழி. இரண்டும் போன பிறகு மிஞ்சுவது இதயத்தின் சொந்தத் துடிப்பு. அதன் பிறகும் உங்கள் மருந்து துடிப்பை மாற்றினால் அது நேரடி விளைவு. ஒரு நாள் அட்ரோபினை முன்னும், மறுநாள் புரோபிரனோலாலை முன்னும் கொடுத்தால் ஒவ்வொரு நரம்பின் பங்கும் தனித்தனியே கிடைக்கும். முயலில் மட்டும் ஒரு எச்சரிக்கை. சில முயல்களின் இரத்தத்திலேயே அட்ரோபினைச் சிதைக்கும் நொதி இருக்கிறது. கிளைகோபைரோலேட் பயன்படுத்துங்கள்.

இன்னும் உறுதி வேண்டுமென்றால் கரோட்டிட், பெருந்தமனி நரம்புகளை அறுத்த எலி. க்ரீகர் 1964இல் எலிக்கு இந்த அறுவையை வகுத்தார். அறுவை சரியாக நடந்ததா என்று பார்க்க ஃபினைலெஃப்ரின் கொடுத்து அழுத்தத்தை 50 மி.மீ. ஏற்றுங்கள். துடிப்பு 20க்கு மேல் இறங்கினால் நரம்பு முழுதாக அறுபடவில்லை. லாங்கென்டார்ஃப் முறையில் தனியே துடிக்கும் இதயமும் மேலே சொன்ன தனி ஏட்ரியமும் கடைசிச் சான்று. அங்கே நரம்பு மண்டலமே இல்லை.

பாரோரிஃப்ளெக்ஸ் எவ்வளவு நல்லா இருக்குன்னு எண்ணா சொல்ல முடியுமா?

முடியும். விழித்திருக்கும் எலிக்கு முன்கூட்டியே தொடைத் தமனியிலும் சிரையிலும் குழாய் வைத்து, ஒரு நாளாவது ஆறவிடுங்கள். பிறகு ஃபினைலெஃப்ரினைக் கிலோவுக்கு 0.5 முதல் 10 மைக்ரோகிராம்வரை படிப்படியாகக் கொடுத்து அழுத்தத்தை ஏற்றுங்கள், நைட்ரோபுருசைடு கொடுத்து இறக்குங்கள். ஒவ்வொரு டோஸுக்கும் அழுத்தமும் துடிப்பும் அடிப்படைக்குத் திரும்பும்வரை காத்திருக்க வேண்டும். சராசரி அழுத்தம் 110இலிருந்து 140க்கு ஏறி, துடிப்பு 340இலிருந்து 280க்கு இறங்கினால், 60ஐ 30ஆல் வகுக்க வரும் 2தான் உணர்திறன்: ஒரு மி.மீ.க்கு 2 துடிப்பு.

ஏற்றும் பக்கத்தையும் இறக்கும் பக்கத்தையும் ஒரே கோட்டில் போட்டு விடாதீர்கள். துடிப்பு இறங்குவது பெரும்பாலும் வேகஸின் வேலை, ஏறுவதில் சிம்பதெடிக்கும் சேர்கிறது, சாய்வுகள் வேறாக வரும். எஸ்.எச்.ஆர். எலியில் இந்த எண் சாதாரண எலியைவிடக் குறைவு. அதனால்தான் அதே அளவு அழுத்தம் இறங்கினாலும் அதன் துடிப்பு அவ்வளவு ஏறுவதில்லை.

மூலிகைச் சாறு சிரையில போட்டதும் பி.பி., துடிப்பு ரெண்டும் சட்டுனு விழுந்துச்சு. நல்ல ரிசல்ட்தானே?

அவசரப்பட வேண்டாம். பச்சைச் செடியின் நீர்ச்சாறில் பொட்டாசியம் ஏராளம். அது சிரை வழியாக இதயத்தை அடைந்தாலே துடிப்பும் அழுத்தமும் விழும். சாறின் அமிலத்தன்மை, அதிலுள்ள டானின், கொடுத்த வேகம் இவையும் இதைச் செய்யும். ஏமாற்றமாக இருக்கும் என்பது புரிகிறது. இருந்தாலும் இந்தச் சோதனைகளைச் செய்யாமல் எழுதப்பட்ட முடிவு மறுமுறை நிற்காது.

சாறை உலர்த்தி எரித்துச் சாம்பலாக்கி, அதே அளவு நீரில் கரைத்து, பி.எச். சரிசெய்து கொடுத்துப் பாருங்கள். கரிமப் பொருள் எல்லாம் எரிந்துபோயிருக்கும், உப்பு மட்டும் மிஞ்சும். அதற்கும் அதே வீழ்ச்சி வந்தால் உங்கள் விளைவு பொட்டாசியத்தினுடையது. சாம்பலுக்கு ஒன்றும் இல்லை என்றால், அட்ரோபின் கிலோவுக்கு 1 மி.கி. கொடுத்துவிட்டுச் சாறைப் போடுங்கள். வீழ்ச்சி மறைந்தால் அசிட்டைல்கோலின் போன்ற ஒரு பொருளோ வேகஸ் ரிஃப்ளெக்ஸோ காரணம். கடைசியாக, வாயால் கொடுத்தாலும் அழுத்தம் குறைகிறதா என்று பாருங்கள். மக்கள் அதைக் குடிக்கத்தானே போகிறார்கள்.

பி.பி. விழுந்தா துடிப்பு ஏறும்னீங்க. ரெண்டும் சேர்ந்து விழுது, மருந்தும் பீட்டா தடுப்பான் இல்லையே?

மேலே உள்ள பொட்டாசியத்தை விலக்கிவிட்டீர்கள் என்றால் அடுத்து பெசோல்ட்-யாரிஷ் ரிஃப்ளெக்ஸை நினையுங்கள். இதயச் சுவரிலும் நுரையீரலிலும் வேதிப்பொருளை உணரும் வேகஸ் இழைகள் உண்டு. வெரட்ரம் ஆல்கலாய்டு, செரட்டோனின் போன்றவை அவற்றைத் தூண்டினால் வேகஸ் வழியாகத் துடிப்பு விழும், அழுத்தம் விழும், மூச்சும் சற்று நிற்கும். இந்த மூன்றும் ஒன்றாக, ஊசி போட்ட சில வினாடிகளில் வந்து, இரண்டு பக்க வேகஸையும் அறுத்ததும் மறைந்தால் அதுதான். க்ளோனிடின் போன்ற மூளைவழி மருந்திலும் இரண்டும் விழும், ஆனால் இவ்வளவு சடுதியாக அல்ல. சிரைவழி க்ளோனிடினில் முதலில் அழுத்தம் கொஞ்ச நேரம் ஏறிவிட்டுத்தான் இறங்கும்.

இன்னொரு நிலையும் உண்டு. சராசரி அழுத்தம் 50க்குக் கீழே நெடுநேரம் நின்றால் இதயத்துக்கே இரத்தம் போதாமல் துடிப்பு சரியும். அது மருந்தின் தன்மையல்ல, எலி சாகப் போகிறது என்பதன் அறிகுறி. அந்த டோஸை டோஸ்-விளைவு வளைகோட்டில் சேர்க்காதீர்கள்.

முதல் நாள் எகிறின துடிப்பு ரெண்டு வாரத்துல பழையபடி வந்துடுச்சு. மருந்து வேலை செய்யலையா?

அழுத்தத்தைப் பாருங்கள். அது இன்னும் இறங்கியே இருந்தால் மருந்து வேலை செய்கிறது, ரிஃப்ளெக்ஸ்தான் புதிய மட்டத்துக்குப் பழகிவிட்டது. எலியின் பாரோ ஏற்பிகள் மாறிய அழுத்தத்துக்கு இரண்டு நாளிலேயே தம்மை மாற்றியமைத்துக்கொள்ளும். அழுத்தமும் பழையபடி ஏறியிருந்தால் வேறு கதை. ஹைட்ரலசின், மினாக்சிடில் இரண்டிலும் சிறுநீரகம் உப்பையும் நீரையும் பிடித்து வைக்கிறது, அழுத்தத்தை ஏற்றும் ரெனின் கூடுகிறது. எலியின் எடை திடீரென்று கூடியிருக்கிறதா, தண்ணீர்ப் புட்டி வேகமாகக் காலியாகிறதா என்று பாருங்கள். டையூரெடிக் (சிறுநீர் பெருக்கி) சேர்த்தால் விளைவு திரும்பும்.

துடிப்பு அடங்கிவிட்டது என்பதால் இதயம் தப்பித்தது என்றும் கொள்ளக் கூடாது. எஸ்.எச்.ஆர். எலியில் ஹைட்ரலசினும் மினாக்சிடிலும் அழுத்தத்தைக் குறைத்தாலும் தடித்த இடது வென்ட்ரிக்கிளை மெலிய விடுவதில்லை. கேப்டோபிரில் போன்ற ஏ.சி.இ. தடுப்பான் மெலிய வைக்கிறது. முடிவில் வென்ட்ரிக்கிளை எடை போட்டு உடல் எடையோடு விகிதம் எழுதுவது இதனால்தான்.

மருந்தை நிறுத்தினப்புறமும் துடிப்பு எடுக்கணுமா?

க்ளோனிடினுக்கும் பீட்டா தடுப்பானுக்கும் கட்டாயம். நாட்கணக்கில் க்ளோனிடின் பெற்ற எலிக்கு அதை நிறுத்திய ஒரு நாளுக்குள் துடிப்பு அடிப்படையைத் தாண்டி ஏறும். அழுத்தம் அங்கங்கே துள்ளும். தினம் ஒருமுறை டெயில் கஃப் எடுத்தால் இந்தத் துள்ளல் கண்ணில் படாமலே போகும். 5 நிமிடத்துக்கு ஒருமுறை 10 வினாடி பதிவு செய்யும் டெலிமெட்ரியில் தெளிவாகத் தெரியும்.

நாய்ல துடிப்பு ஏறினதும் கியூ.டி. நீண்டுடுச்சுன்னு ரிப்போர்ட் வந்துச்சு. நம்பறதா?

கியூ.டி. என்பது இ.சி.ஜி.யில் வென்ட்ரிக்கிள் மின்னேறி மீளும் நேரம், ஆர்.ஆர். என்பது இரண்டு துடிப்புகளுக்கு இடையே உள்ள நேரம். துடிப்பு மாறினால் கியூ.டி.யும் மாறும் என்பதால் அதைத் திருத்தித்தான் ஒப்பிடுவார்கள். எந்தச் சூத்திரத்தில் திருத்தினார்கள் என்று கேளுங்கள். மருந்துக்கு முன் துடிப்பு 80, ஆர்.ஆர். 750 மில்லிவினாடி, கியூ.டி. 230 என்று கொள்வோம். பின் துடிப்பு 160, ஆர்.ஆர். 375, கியூ.டி. 190. பாசெட் முறையில் 266 ஆக இருந்தது 310 ஆகிவிடும், பெரிய ஆபத்துபோலத் தெரியும். நாய்க்கென்று வந்த வான் டி வாட்டர் முறையில், அதாவது கியூ.டி.யிலிருந்து 0.087 பெருக்கல் (ஆர்.ஆர். கழித்தல் 1000)ஐக் கழித்தால், 252 ஆக இருந்தது 244 ஆகிறது. நீளவே இல்லை. வேகமான துடிப்பில் பாசெட் மிகையாகத் திருத்தும் என்பதே காரணம். அழுத்தம் குறைக்கும் மருந்துகள் துடிப்பை ஏற்றுவதால் இந்தக் குழப்பம் இவற்றில்தான் அதிகம்.

எலியிலும் சுண்டெலியிலும் கியூ.டி. ஆபத்தைக் கணிக்க முயலவே வேண்டாம். அவற்றின் இதயம் மறுமின்னேற்றத்துக்கு நம்மிடமிருந்து வேறான பொட்டாசிய ஓட்டங்களை நம்பியிருக்கிறது.

எத்தனை எலி போதும்? எத்திக்ஸ் கமிட்டி குறைக்கச் சொல்றாங்க.

அவர்கள் கேட்பது நியாயம், கணக்கு உங்கள் பக்கம் இருந்தால் பேசுவதும் எளிது. ஒரு குழுவுக்கு வேண்டிய எலி, 16ஐத் திட்ட விலக்கத்தின் (சிதறலின் அளவு) வர்க்கத்தால் பெருக்கி, கண்டுபிடிக்க விரும்பும் வேறுபாட்டின் வர்க்கத்தால் வகுத்தது. பழக்காத எலிகளில் டெயில் கஃப் துடிப்பின் திட்ட விலக்கம் 30 என்றும், நீங்கள் தேடும் வேறுபாடு 30 என்றும் வைத்தால் 16 எலி. பழக்கியோ டெலிமெட்ரிக்கு மாறியோ விலக்கத்தை 15க்குக் கொண்டுவந்தால் 4 எலி. ஒரு வாரம் குழாயில் பழக்கும் உழைப்பு, ஒரு குழுவுக்குப் பன்னிரண்டு உயிர்களைக் காப்பாற்றும்.

கற்பிப்பதற்காக மட்டும் என்றால் விலங்கே வேண்டாம். நாயின் அழுத்தத்தில் அட்ரினலின், நாரட்ரினலின், அசிட்டைல்கோலின் விளைவுகளையும், நாரட்ரினலின் அழுத்தத்தை ஏற்றி வேகஸ் வழியாகத் துடிப்பை இறக்குவதையும் புதுச்சேரி ஜிப்மரில் உருவான எக்ஸ்ஃபார்ம் போன்ற மென்பொருளில் எத்தனை முறை வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம். ஆராய்ச்சிக்கு என்றால் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவிடம் படிவம் பி கொடுக்கும்போது, இந்தக் கணக்கோடு நான்கு விவரங்களையும் எழுதுங்கள்: அளக்கும் முறை, பழக்கும் நாட்கள், அறை வெப்பம், அழுத்தம் எந்த மட்டத்துக்குக் கீழே போனால் சோதனையை நிறுத்துவீர்கள் என்பது.